பால்சுறாவும் களனி வாய்ச் சூடையும்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாளாவது மீன் சமைப்போம். பெரும்பாலும் களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் பிடிபட்ட சூடை, கீரி, நெத்தலிதான். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்ததிலிருந்து கரைமீன் என்றாலே பயம். போதாததற்கு 'மீனில் கட்மியம், அளவைத் தாண்டிவிட்டது' என்று முகநூலில் ஒரு படமும் சுற்றியது. ஆழ்கடல் மீன் சுத்தம் என்று நினைத்து இப்போது கெலவல்லாவும் சுறாவும் வாங்குகிறேன். பிள்ளை பிறந்ததும் மகளுக்குப் பால்சுறா வறை கொடுக்க வேண்டும். கடலில் ஈயமும் பாதரசமும் இருந்தால் மீனே செத்துப்போகாதா? செவுளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா? புளியில் ஊறவைத்தால் போகுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் பயந்து கைவிட்ட சூடையை மகள் தாராளமாகச் சாப்பிடலாம். நம்பி வாங்கத் தொடங்கிய சுறாவைத்தான் இந்த நான்கு மாதத்துக்கு நிறுத்த வேண்டும். களனி கங்கை கொண்டுவரும் உலோகமும் ஆழ்கடல் மீனில் சேரும் உலோகமும் வேறு வேறு. அவை போய்த் தங்கும் இடமும் வேறு.

முதலில் பாதரசம். நிலக்கரி எரிவதாலும் சிறு தங்கச் சுரங்கங்களாலும் காற்றில் கலக்கும் பாதரசம் உலகக் கடல் முழுவதும் விழுகிறது. ஒட்சிசன் குறைந்த நீரடுக்குகளிலும் அடிச்சேற்றிலும் உள்ள பக்டீரியாக்கள் அதை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வடிவம் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், உடலை விட்டு வெளியேற நாளெடுக்கும். நுண்பாசியை மிதவை உயிர் தின்ன, அதைச் சூடை தின்ன, சூடையைச் சூரை தின்ன, சூரையைச் சுறா தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். வயது கூடக் கூடவும் ஏறும். ஆகவே கரையிலிருந்து எத்தனை மைல் தள்ளிப் பிடித்தார்கள் என்பதால் பயனில்லை. மீன் எதைத் தின்று எத்தனை வருடம் வாழ்ந்தது என்று பாருங்கள்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு, கருவிலுள்ள பிள்ளையின் மூளையை மனதில் வைத்து 2003இல் ஓர் அளவு சொன்னது: உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்கிரோகிராம் மெதைல் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வாரம் 96 மைக்கிரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சராசரிகளில் சுறா கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம், யெல்லோபின் எனப்படும் கெலவல்லா 0.35, நெத்தலி 0.016. அவை அங்கே விற்கும் மீன்களின் எண்கள்தான், ஆனால் படிவரிசை இங்கேயும் இதுவே. அந்த எண்களின்படி சுறாவில் 96 கிராம் தின்றாலே வாரக் கணக்கு முடிந்துவிடும். கெலவல்லாவில் 270 கிராம் வரை போகலாம். நெத்தலியென்றால் ஆறு கிலோ வேண்டும், யாராலும் முடியாது.

பால்சுறா என்ற இனம் சிறியது, ஒரு மீற்றருக்குச் சற்று முன்பின். பெருஞ்சுறாவைவிட அதில் குறைவாகவே இருக்கும். சிக்கல் கடையில்தான். துண்டு போட்டுத் தோலுரித்து வைத்திருந்தால் அது எந்தச் சுறா, எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்? முழுதாக, கைநீளத்துக்குள் இருந்தாலொழிய வாங்காதீர்கள். தாய்ப்பால் வழியாகப் போகும் மெதைல் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு, ஆகவே இப்போதிருந்து பேறு வரையான காலம்தான் முக்கியம். உடலிலுள்ளது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐம்பது நாள் செல்லும் என்பதால் இன்றைக்கு நிறுத்தினால் பேற்றுக்குள் பெரும்பகுதி இறங்கிவிடும்.

இனி களனி. பியகம தொழிற்பேட்டை, சபுகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், நகரின் வடிகால்கள் எல்லாவற்றையும் கடந்து வரும் ஆறு முகத்துவாரத்தில் உப்புநீரைத் தொட்டதும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியில் படியும். ஈயம், செம்பு, துத்தநாகம், கட்மியம் பெரும்பாலும் அந்தத் துகள்களோடு சேற்றுக்குப் போய்விடும். சேற்றைக் கிளறித் தின்னும் மணலை, நண்டு, மட்டி ஆகியவற்றில்தான் அவை முதலில் தெரியும். மேல்நீரில் கூட்டமாகத் திரியும் சூடைக்கு அந்தச் சேற்றோடு உறவு குறைவு.

மீன் சாகாதா என்று கேட்டீர்கள். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதில்லை. உடலில் நீர் கூடுதலாக இருப்பதே அதன் தொல்லை. கடல் மீனோ உப்புக் கடலுக்கு நீரை இழந்துகொண்டே இருப்பதால் ஓயாமல் குடிக்கும். ஆகவே உலோகம் செவுள் வழியாக மட்டுமல்லாமல் குடல் வழியாகவும் ஏறும். ஆனால் கடல்நீரில் உள்ள குளோரைட்டு கட்மியத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அதே அளவு கட்மியம் ஆற்றில் செய்யும் கேட்டைக் கடலில் செய்யாது. தென்மேற்குப் பருவமழையில் களனி பெருகி வாய்ப்பகுதி நீர் உப்புக் குறையும்போதுதான் இந்தப் பாதுகாப்புத் தளரும்.

உள்ளே போன கட்மியத்தையும் செம்பையும் மெற்றலோதயனீன் என்ற புரதம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கட்டிப்போடும். ஈயம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பு, செதில், செவுளில் குடியேறும். புரதத்தின் கொள்ளளவு நிறையும் வரை மீன் சாதாரணமாக நீந்தும். நிறைந்தபின் விலை கொடுக்கத் தொடங்கும்: உப்பை வெளியேற்றும் செவுள் உயிரணுக்களின் பம்பைச் செம்பு கெடுக்கும், செவுள் இழை தடித்து ஒட்சிசன் எடுப்பது சிரமமாகும், மோப்ப நரம்பு மங்கி இரையும் எதிரியும் பிடிபடாமல் போகும். வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சக்தி நஞ்சைச் சமாளிப்பதில் போய்விடும். மிக மோசமாக அடிபடுவது முட்டையும் குஞ்சும்தான்; முதுகெலும்பு வளைந்த குஞ்சு இரண்டு நாளில் இன்னொன்றுக்கு இரையாகிவிடும், சந்தைக்கு வராது. ஒரே இரவில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் நான் முதலில் ஒட்சிசன் குறைவையும் அமோனியாவையும்தான் சந்தேகிப்பேன், உலோகத்தையல்ல.

ஆகவே செவுளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிவந்த செவுள் மீன் புதியது என்று மட்டும் சொல்லும். சுறாவின் மூத்திர நெடிகூட யூரியாவால் வருவது.

கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்-பிரஸ் பேர்ளில் 1,486 கொள்கலன்களும் அவற்றில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தன. அமிலம் கடலில் ஐதாகிச் செயலிழந்துவிடும். கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்திக் மணிகள்தான் நீண்ட தொல்லை. ஆனால் பெருஞ்சுறாவின் தசையிலுள்ள பாதரசம் கப்பல் எரிவதற்குப் பல காலம் முன்பே அங்கே இருந்தது.

முகநூல் படத்தைப் பார்த்தால் மூன்று விடயங்களைத் தேடுங்கள். எண் தசைக்கா ஈரலுக்கா? ஈர எடைக்கா உலர் எடைக்கா? மீனில் முக்கால்வாசிக்கு மேல் நீர். உலர் எடையில் கட்மியம் 0.2 மில்லிகிராம் என்றால் ஈர எடையில் 0.05ஐ ஒட்டித்தான் வரும். அதுவே பெரும்பாலான மீன் தசைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த எல்லை. உலர் எண்ணை ஈர எல்லையோடு ஒப்பிட்டால் எந்த மீனும் நஞ்சாகத் தோன்றும். ஆசனிக்கு (ஆர்செனிக்) என்று போட்டிருந்தால், கடல்மீனில் அது பெரும்பாலும் கேடு குறைந்த ஆசனோபெற்றயீன் வடிவில் இருக்கும். மொத்த எண்ணை மட்டும் கண்டு மிரள வேண்டாம்.

அடுப்படியில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஈரல், குடல், செவுளை முழுதாக எடுத்துவிடுங்கள். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கூழையும் கணவாயின் குடல்பையையும் மகளுக்குக் கொடுக்க வேண்டாம், கட்மியம் அங்கேதான் சேரும். பாதரசத்துக்கு இந்த வழி இல்லை. அது தசைக்குள்ளேயே இருப்பதால் புளி, தேசிக்காய், மஞ்சள் எதற்கும் அசையாது. பொரித்தால் நீர் வற்றி ஒரு கிராமுக்கான செறிவு கூடும். சுறாக் கருவாடு இன்னும் மோசம். மாசி சூரையில் செய்வதுதான், ஆனால் சம்பலுக்கு ஒரு கரண்டி போடுவதில் ஒன்றும் வந்துவிடாது.

வறையை விடத் தேவையில்லை. அரைக் கிலோவுக்கு உட்பட்ட பாரை இரண்டு வாங்குங்கள். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, ஆறியதும் தோலையும் முள்ளையும் எடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். நறுக்கிய வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை தாளித்து மீனைக் கொட்டி, தேங்காய்ப்பூவும் இடித்த மிளகு சீரகமும் சேர்த்து ஈரம் வற்றும்வரை கிண்டுங்கள். சுறாவைப் போலத் தானாக உதிராது, முள்ளெடுக்கப் பத்து நிமிடம் கூடச் செல்லும்.