இன்ஜின் சத்தமா? ஆயில் கம்பியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்

இன்று ஞாயிறு, பட்டறை லீவு. முப்பது வருஷமாக மதுரையில் கார் இன்ஜின் வேலை பார்க்கிறேன். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். டிங்கரிங், ஏசி கேஸ், இன்சூரன்ஸ் எல்லாம் எனக்கு வராது. கேட்பதற்கு முன்னால் இன்ஜினில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

திருமங்கலம்: அண்ணே, பெட்ரோல் கார், 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்கிறது. ஐந்து நிமிஷத்தில் தானாகப் போய்விடுகிறது. டேப்பட்தானே?

வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்தான் டேப்பட். எல்லோரும் டேப்பட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஹைட்ராலிக், அதாவது ஆயில் நிரம்பி வேலை செய்யும் டேப்பட் உள்ள இன்ஜினில் ராத்திரி முழுக்க ஆயில் கீழே வடிந்துவிடும். காலையில் அது மேலே ஏறும் வரை சில விநாடி டிக் டிக் கேட்கும், அதை விட்டுவிடலாம். உங்களுக்கு ஐந்து நிமிஷம் நீடிக்கிறது என்றால் எனக்கு, புகைக் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் மேல்தான் சந்தேகம். இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியாகப் புகை அடிக்கும். சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு, சத்தம் நின்றுவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து அந்த இணைப்பைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் அதுதான்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? நீளமான திருப்புளி ஒன்றை எடுங்கள். இன்ஜின் ஓடும்போது, முனையை இன்ஜின் உச்சியில் மூடியிருக்கும் வால்வு கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். உள்ளே நடப்பதெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி தெளிவாகக் கேட்கும். அங்குட்டு இங்குட்டு நகர்த்தினால் எங்கே சத்தம் கூடுகிறது என்று பிடிபட்டுவிடும். துண்டு, துப்பட்டா, தொங்குகிற செயின் எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

சத்தத்தின் தாளத்தையும் கவனியுங்கள். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டி நிற்கும்போது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் 400தான் சுற்றும். அதனால் டேப்பட் தட்டினால் விநாடிக்கு ஆறேழு தட்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தட்டினால் அதைப்போல இரண்டு மடங்கு, அதுவும் டிக் என்று இருக்காது, டொக் டொக் என்று அடியிலிருந்து கனமாக வரும். மேலே கேட்கும் மெல்லிய சத்தத்துக்கு ஒரு வாரம் பொறுக்கலாம். அடியில் கேட்கும் கனத்த சத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் பொறுக்க முடியாது.

மேலூர்: இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் டிங் டிங் என்று கேட்கிறதே?

சூடான சைலன்சர் ஆறிச் சுருங்குகிற சத்தம். போய்ச் சாப்பிடுங்கள்.

அண்ணா நகர்: மழை பெய்த மறுநாள் காலையில் கார் கீச் என்று தெருவையே எழுப்புகிறது. பக்கத்து வீட்டில் முறைக்கிறார்கள் அண்ணா.

ஃபேன் பெல்ட்தான்மா. வண்டி ஐட்லிங்கில் இருக்கும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டுத் திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்களில் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. ஒரு மாற்றமும் இல்லையென்றால் புல்லியில் இருக்கும் பால்ரஸை, அதாவது பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பெல்ட்டில் மெழுகு, சோப்பு தடவுகிற வேலை மட்டும் வேண்டாம்.

வாடிப்பட்டி: என் காரிலும் காலையில் டிக் டிக்...

திருமங்கலத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

உசிலம்பட்டி: வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது தகர டப்பாவில் மிளகைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம். சமவெளியில் இல்லை.

அருமையாகச் சொன்னீர்கள், அந்த மிளகுதான் நாக்கிங். ஏற்றத்தில் நாலாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை அமுக்குகிறீர்கள், சரியா? சிலிண்டரில் அழுத்தமும் சூடும் ஏறி, ஸ்பார்க் கொளுத்தியது பரவுவதற்குள் மூலையில் இருக்கும் பெட்ரோல் தானாக வெடிக்கிறது. கியரைக் குறைத்து இன்ஜினைச் சுற்ற விடுங்கள். அப்புறமும் கேட்டால் பிஸ்டன் தலையில் கரி ஏறியிருக்கலாம், நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் வேலை செய்யாமல் இருக்கலாம்.

வில்லாபுரம்: டேப்பட் சத்தம் குறைய 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றச் சொல்கிறார் மாமா. ஊற்றலாமா?

கூடாது. உங்கள் வண்டிப் புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதுதான்.

வில்லாபுரம்: மாமா இருபது வருஷமாக அதைத்தான் ஊற்றுகிறார். சத்தமே இல்லையாம்.

சத்தம் இல்லை என்றால் தேய்மானம் இல்லை என்று அர்த்தமா? கெட்டி ஆயில் மெத்தை மாதிரி நடுவில் நின்று சத்தத்தை அமுக்கும். புது இன்ஜினின் பொடி ஓட்டைகளில், காலை முதல் ஸ்டார்ட்டில், அது நேரத்துக்குப் போய்ச் சேராது.

கரிமேடு: நானும் ரிட்டயர்ட் மெக்கானிக்தான். அக்னி நட்சத்திரத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. குளிர்நாட்டுக்காரன் எழுதின புத்தகம் நமக்கு எப்படிப் பொருந்தும்?

வாங்கண்ணே, உங்களை எதிர்பார்த்தேன். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கும் எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. வெளியே 40 டிகிரி அடித்தாலும் தெர்மோஸ்டாட் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டை 90 டிகிரி பக்கத்திலேயே பிடித்து வைக்கிறது. இன்ஜினுக்குள் இருப்பது மதுரையும் இல்லை, ஊட்டியும் இல்லை.

கரிமேடு: அம்பாசிடருக்கு நாம் என்ன ஊற்றினோம்?

அங்கே நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த இன்ஜினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி பெரிசு, 20டபிள்யூ-50 பொருத்தம். அந்தப் பழக்கத்தை இப்போதைய இன்ஜினுக்குக் கொண்டுவருவதுதான் என் சண்டை. போன வருஷம் ஒரு தம்பி பழைய கார் வாங்கி வந்தார், இன்ஜின் பட்டு மாதிரி ஓடியது. ஆயிலை வடித்தால் தேன் மாதிரி இறங்குகிறது. சரியான ஆயில் ஊற்றிய அன்றைக்கே டொக் டொக். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பை இறக்கினால், ஷெல் பேரிங் தேய்ந்து செம்பு தெரிகிறது. விற்றவர் எதற்காகக் கெட்டி ஆயில் ஊற்றினார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கரிமேடு: விற்றவன் திருடன். ஆயில் மேல் என்ன தப்பு?

சரி, இதை டீக்கடையில் பேசிக்கொள்வோம்.

செல்லூர்: தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

சாவியைத் தொடாதீர்கள். 2024 அக்டோபர் மழையில் உங்கள் பக்கம் தண்ணீர் ஏறியதே, அப்போது நிறையப் பேருக்கு இதைத்தான் சொன்னேன். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கட்டி இழுத்து வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்.

பழங்காநத்தம்: வேகத்தடையில் கடகட...

அது இன்ஜினே இல்லை. சஸ்பென்ஷன் பார்ப்பவரிடம் போங்கள்.

நாராயணபுரம்: பேட்டரி காரில் ஙொய்ங் என்று ஒரு சத்தம்.

அந்தக் கரண்டில் நான் கை வைப்பதில்லை. கம்பெனி சர்வீஸுக்கே போங்கள்.

சோழவந்தான்: அண்ணே, எனக்கும் டிக் டிக்.

ஆயில் கம்பி பார்த்தீர்களா? இல்லை என்றுதான் தெரிகிறது. பார்த்துவிட்டு வாருங்கள்.

விரகனூர் ரிங் ரோடு: அவசரம் அண்ணே. ஆயில் லைட் சிவப்பாக எரிகிறது, டொக் டொக் சத்தம். மெதுவாக ஓட்டி வந்துவிடட்டுமா?

தம்பி, உடனே ஓரம் கட்டி ஆஃப் செய். ஐந்து நிமிஷம் கழித்துக் கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்.

விரகனூர் ரிங் ரோடு: கம்பி நுனியில்கூட ஆயில் இல்லை.

வண்டிக்கு அடியில் ஒழுகியிருக்கிறதா பார். யார் ஆயில் வாங்கிக் கொடுத்தாலும் ஊற்றி ஸ்டார்ட் செய்யாதே. ரவுண்டானா பக்கம் நில், கயிறோடு நானே வருகிறேன். மற்றவர்களுக்கு அடுத்த ஞாயிறு.