செரோக்கி கேள்வி பதில்: கொள்ளுப்பாட்டிகளும் இரண்டு தலைவர்களும்

அமெரிக்கத் தொல்குடிகளில் ஒன்றான செரோக்கிகளின் வரலாற்றில் 1800 முதல் 1907 வரையிலான காலம்தான் என் பேட்டை. அதற்கு வெளியே கேட்டால் ஒரு வரியில் நழுவிவிடுவேன். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கே: தம்பி, என் மருமகள் அமெரிக்கப் பெண், டென்னசியில் பிறந்தவள். அவளுடைய கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கி இளவரசியாம். பேரனிடம் இதைச் சொல்லி வளர்க்கலாமா? (சேலத்திலிருந்து ஒரு பாட்டி)

ப: அம்மா, கொள்ளுப்பாட்டி செரோக்கியாக இருந்திருக்கலாம். இளவரசியாக இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அவர்களிடம் அரச பரம்பரை கிடையாது. ஊருக்கு ஊர் சபை இருந்தது. பேச்சு எடுபடும்வரைதான் தலைவர் தலைவர். 1827-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் வந்தபின் முதன்மைத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். குலம் தாய்வழி. ஓநாய், மான், பறவை என ஏழு குலங்கள். அம்மா எந்தக் குலமோ பிள்ளையும் அதே.

அமெரிக்கத் தெற்கில் இந்த இளவரசிப் பாட்டி வீட்டுக்கு வீடு இருக்கிறார். தாத்தா வருவது அபூர்வம், அநேகமாகப் பாட்டிதான். நாங்கள் இந்த மண்ணுக்கே சொந்தக்காரர்கள் என்று காட்டிக்கொள்ள அது உதவியது. சில குடும்பங்களில் கறுப்பின முன்னோரை மறைக்கவும் கைகொடுத்தது. பணமும் ஒரு காரணம். 1906 முதல் 1909 வரை, அரசு தர வேண்டியிருந்த பாக்கியைப் பங்கிட கையன் மில்லர் என்ற அதிகாரி விண்ணப்பம் வாங்கினார். சுமார் 90,000 பேருக்காக 45,000-க்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. தேறியவர்கள் சுமார் 30,000 பேர். மனு போட்டது வீட்டில் நினைவிருக்க, தள்ளுபடியானது மறந்துபோயிருக்கும் என்பது என் ஊகம்.

பேரனுக்காக உண்மையிலேயே தேடுவதாக இருந்தால், மருமகளில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். புகழ்பெற்ற தலைவரில் தொடங்கி முன்னால் வராதீர்கள். இதை இன்னும் நாலு தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: பின்னால் போனால் எங்கே போய் நிற்க வேண்டும்?

ப: டாஸ் பட்டியலில். 1898 முதல் 1907 வரை, பொது நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்க அமெரிக்க அரசு எடுத்த கணக்கு. குடும்பத்துக்கு ஒரு அட்டை. பெயர், முதல் ஆளுக்கு என்ன உறவு, வயது, ஆண் பெண், பிறகு ‘இரத்தம்’ என்று ஒரு கட்டம்: முழு, அரை, எட்டில் ஒன்று. பக்கத்தில் 1880, 1896 கணக்குகளில் அவர்களின் எண், அப்புறம் தாய் தந்தை பெயர்கள். அந்த இரத்தக் கட்டத்தைப் பலமுறை ஆள் முகத்தைப் பார்த்தே நிரப்பினார்கள். செரோக்கிகளிடம் அடிமைகளாயிருந்து விடுதலையான கறுப்பினத்தவரைத் தனி அட்டையில் போட்டார்கள். அவர்களில் பலருக்குச் செரோக்கித் தாயோ தந்தையோ இருந்தும் இரத்தக் கணக்கு எழுதவில்லை.

அந்த ஒரு கட்டம் நூறாண்டு வழக்கானது. 1866 ஒப்பந்தம் விடுதலையானவர்களுக்கும் முழு உரிமை தந்திருந்தது. 2007-ல் செரோக்கி நேஷன் (ஓக்லஹோமாவில் உள்ள செரோக்கிகளின் அரசு) வாக்கெடுப்பு நடத்தி அவர்களின் வாரிசுகளை வெளியே தள்ளியது. 2017-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2021-ல் செரோக்கி உச்ச நீதிமன்றமே ‘இரத்தவழி’ என்ற சொல்லை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துப்போட்டது.

கே: டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடாதா சார்?

ப: தெரியாது. அமெரிக்கத் தொல்குடி மரபு கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லலாம். செரோக்கியா, நவஹோவா, பெருவிலிருந்து வந்ததா என்று சொல்லாது. தனக்குச் செரோக்கி மரபு உண்டு என்று சொல்லிவந்த அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் 2018-ல் சோதனை முடிவை வெளியிட்டபோது செரோக்கி நேஷன் கண்டித்தது. 2019-ல் அவர் மன்னிப்புக் கேட்டார். குடியுரிமைக்கு டாஸ் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர் வாரிசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தபட்ச இரத்த அளவு என்று செரோக்கி நேஷன் வைக்கவில்லை. மற்ற இரண்டு அமைப்புகளில் உண்டு: வட கரோலினாவில் இருக்கும் ‘செரோக்கிக் கிழக்குப் பிரிவு’ பதினாறில் ஒன்று, யுனைட்டட் கீட்டூவா நாலில் ஒன்று கேட்கின்றன. அரசு அங்கீகரித்த செரோக்கி அமைப்புகள் இந்த மூன்று மட்டுமே. கட்டணம் கட்டினால் உறுப்பினர் அட்டை தருகிறோம் என்று வருபவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கே: ஜீப் செரோக்கிக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் உண்டா?

ப: பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் முதன்மைத் தலைவர் சக் ஹாஸ்கின் ஜூனியர் அதை எடுத்துவிடச் சொன்னார்.

கே: 1835-ல் நிலத்தை விற்றுக் கையெழுத்திட்ட மேஜர் ரிட்ஜ் செரோக்கிகளின் எட்டப்பன்தானே? (மதுரை வரலாற்று மாணவர்)

ப: எட்டப்பனைக் கூட்டி வந்தால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். நடந்ததைப் பாருங்கள்.

ஜார்ஜியா மாநிலம் செரோக்கி நிலத்தின் மேல் தன் சட்டத்தைத் திணித்தது. 1829-ல் தங்கம் கிடைத்ததும் கூட்டம் பாய்ந்தது. 1832-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செரோக்கி பக்கம் சொன்னது, ஆனால் அதிபர் ஜாக்சன் துரும்பையும் அசைக்கவில்லை. அதே ஆண்டு ஜார்ஜியா அவர்கள் வீடு, தோட்டங்களைக் குலுக்கல் சீட்டில் வெள்ளையருக்குக் கொடுத்தது. அதுவரை விற்கக் கூடாது என்று நின்ற செரோக்கித் தலைவர்களில் ஒருவரான மேஜர் ரிட்ஜ், மகன் ஜான் ரிட்ஜ், தம்பி மகனும் ‘செரோக்கி பீனிக்ஸ்’ பத்திரிகையின் முதல் ஆசிரியருமான எலியாஸ் புடினோ ஆகியோர், இனி காப்பாற்ற முடியாது, நல்ல விலைக்குப் போய்விடலாம் என்று மாறினார்கள். புடினோ அதைப் பத்திரிகையில் எழுத விரும்பினார். முதன்மைத் தலைவர் ஜான் ரோஸ் அனுமதிக்கவில்லை. 1832-ல் அவர் ஆசிரியர் பதவியை விட்டார்.

1835 டிசம்பர் 29, நியூ எக்கோட்டா. 50 லட்சம் டாலருக்கு மொத்த நிலமும். வந்திருந்தவர்கள் சில நூறு பேர். செரோக்கி மக்களோ 16,000-க்கு மேல். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் ஒப்புதல் இல்லை. ரோஸ் 15,000-க்கு மேற்பட்ட பெயர்களோடு எதிர்ப்பு மனு கொடுத்தார். செனட் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஒப்பந்தத்தை ஏற்றது. 1838-ல் படை வந்து அவர்களை மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தியது. அந்தக் கட்டாயப் பயணத்தைத்தான் கண்ணீர்ப் பாதை என்கிறார்கள்.

நோக்கம் துரோகமில்லை என்பது என் கட்சி. அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்பதும் என் கட்சிதான்.

கே: செக்வோயா பற்றிச் சொல்லுங்கள்.

ப: ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், 1821-ல் தன் மொழிக்கு அசை எழுத்துகளை உருவாக்கினார். இன்று வழக்கில் 85. சில ஆண்டுகளிலேயே மக்கள் அதில் கடிதம் எழுதினார்கள், 1828-ல் பத்திரிகை வந்தது. அப்பா யார் என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தாய்வழிக் குலத்தில் அது பெரிய விஷயமும் இல்லை.

கே: துரோகிக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே! அவர்கள் கையெழுத்தால்தானே கண்ணீர்ப் பாதையில் 4,000 பேர் செத்தார்கள்?

ப: 4,000 என்பது உடன் போன மிஷனரி மருத்துவர் எலைசர் பட்லரின் மதிப்பீடு. குறைத்தும் கூட்டியும் சொல்பவர்கள் உண்டு. செத்தவர்கள் சாலையில் மட்டும் சாகவில்லை. கோடையில் அடைத்து வைத்த முகாம்களிலும் வயிற்றுப்போக்கில் போனார்கள். அந்த முகாமைக் கட்டியவர் ரிட்ஜ் இல்லை.

கே: அப்படியானால் ரோஸ்தான் கொலைகாரர். ரிட்ஜ் குடும்பத்தைக் கொல்லச் சொன்னது அவர்தானே? (மதுரை மாணவர், மறுபடியும்)

ப: ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவிவிட்டீர்கள். 1839 ஜூன் 22. ஒரே நாள், மூன்று இடம். ஜான் ரிட்ஜை வீட்டிலிருந்து இழுத்து வந்து மனைவி மக்கள் கண்ணெதிரே குத்தினார்கள். புடினோ பார்க் ஹில்லில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மருந்து வேண்டும் என்று சிலர் கேட்க, எடுத்துத் தரக் கூடவே நடந்தவரைப் பின்னாலிருந்து வெட்டினார்கள். மேஜர் ரிட்ஜைச் சாலையோரம் மறைந்திருந்து சுட்டார்கள். புடினோவின் தம்பி ஸ்டாண்ட் வாட்டி மட்டும் தப்பினார்.

சபை அனுமதியின்றி நிலம் விற்றால் மரணம் என்பது அவர்கள் சட்டம். 1807-ல் அந்தக் குற்றத்துக்காக டபுள்ஹெட் என்ற தலைவரைக் கொன்றவர்களில் இதே மேஜர் ரிட்ஜ் ஒருவர். ரோஸ் உத்தரவிட்டார் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அன்று அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை என்று அவர் மகன் ஆலன் ரோஸ் பிற்காலத்தில் எழுதினார். மகன் சாட்சியம் என்பதால் அதையும் அப்படியே விழுங்க வேண்டாம். இடப்பெயர்ப்புப் பயணத்தின் சப்ளை ஒப்பந்தம் ரோஸின் தம்பி லூயிஸுக்குப் போனதை ரிட்ஜ் தரப்பினர் இன்றும் சொல்லிக்காட்டுவார்கள்.

கே: ரோஸ் எட்டில் ஒரு பங்குதான் செரோக்கி, மீதி ஸ்காட்லாந்து. ரிட்ஜ்தானே அசல்?

ப: இரத்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, ரோஸ் தலைவரான 1828-க்குப் போனால் இப்படித்தான் ஆகும். ரோஸின் கொள்ளுப்பாட்டி கிகூயி, பறவைக் குலம். அவர் மகள், அந்த மகளின் மகள் மாலி, மாலியின் மகன் ஜான். தாய்வழி அறாமல் வருகிறது. எனவே அவர் முழுச் செரோக்கி, குல உறவுகளோடு. மேடையில் ஆங்கிலத்தில் பேசினார், மொழிபெயர்த்துச் சொன்னார்கள். மேஜர் ரிட்ஜ் செரோக்கியில் பேசினால் கூட்டம் வாய்பிளந்து கேட்கும். இருந்தும் மலைக்கிராமத்து முழுச் செரோக்கிகள் ரோஸ் பின்னால்தான் நின்றார்கள், 1866-ல் அவர் சாகும்வரை. இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். 1835 கணக்கில் 16,542 செரோக்கிகள், 1,592 அடிமைகள். அந்த 1,592 பேரின் வாரிசுகள் இந்தச் சண்டையைப் பார்த்தால் யார் பக்கம் என்று கேட்பார்களா?

கே: சாலி தன் உயிரைக் கொடுத்ததால்தான் வட கரோலினாவில் செரோக்கிகள் தங்கினார்களாமே?

ப: மேடைக்கு அருமையான கதை. சாலியும் உறவினரும் படையினரைக் கொன்றதும், 1838 நவம்பரில் சாலியைச் செரோக்கிகளே சுட்டதும் உண்மை. ஆனால் குவாலா ஊர்க்காரர்கள் முன்பே மாநில உரிமையோடு தனி நிலத்தில் இருந்தவர்கள். அவர்கள் தங்க இந்த உயிர்ப்பலி தேவைப்படவில்லை.

கே: சார், எச்சிலை அனுப்பி டிஎன்ஏ...

ப: மேலே பாருங்கள்.

கே: நவஹோ ரகசிய மொழி வீரர்கள் பற்றி?

ப: என் பேட்டை இல்லை.

கே: ரோஸ், ரிட்ஜ் வாரிசுகள் இன்றும் பேசிக்கொள்வதில்லையா?

ப: 1846 ஒப்பந்தத்தில் ரோஸும் வாட்டியும் கைகுலுக்கினார்கள். உள்நாட்டுப் போரில் வாட்டி தெற்குப் படையின் தளபதி. 1863-ல் அவர் ஆட்கள் பார்க் ஹில்லில் ரோஸின் வீட்டைக் கொளுத்தினார்கள். இரண்டு தரப்பு வாரிசுகளும் டாஸ் அட்டைகளில் இருக்கிறார்கள், இன்று ஒரே நேஷனின் குடிமக்கள். ரிட்ஜ்கள், வாட்டி கல்லறைகள் வடகிழக்கு ஓக்லஹோமாவின் போல்சன் மயானத்தில். ரோஸ் பார்க் ஹில்லில். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். மதுரை மாணவர் போனால் முதலில் எதற்குப் போனார் என்று எழுதட்டும்.