விபத்து வழக்காட விரும்பும் தங்கைக்கு

கேள்வி: நான் மூதூரைச் சேர்ந்தவள். சட்டமாணிப் பட்டம் முடித்துவிட்டு, சட்டக் கல்லூரிப் பரீட்சைகளுக்குப் படிக்கிறேன். விபத்தில் காயமடைந்தவர்களுக்காக நட்டஈட்டு வழக்குப் பேச ஆசை. வீட்டிலோ, "நொத்தாரிசாகக் காணி உறுதி எழுது, பெண்ணுக்கு அது போதும்" என்கிறார்கள். திருகோணமலையில் இதை நம்பி வாழ முடியுமா?

பதில்: முடியும், தங்கை. ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு உறுதியும் எழுதுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. நட்டஈட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். என் அலுவலக வாடகையை உறுதி எழுதிய காசுதான் கட்டியது.

அமெரிக்கச் சட்டத்தரணிகளைப் பார்த்து இந்த ஆசை வந்திருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே குடியியல் வழக்கிலும் ஜூரி உண்டு. நமது மாவட்ட நீதிமன்றத்தில் தனி நீதிபதிதான். அவரைப் பேச்சால் உருக்க முடியாது, சான்றால்தான் இணங்க வைக்க முடியும். ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த தீங்குக்கு நட்டஈடு கேட்க வழி தரும் நமது தீங்கியல் சட்டம் ரோமன் டச்சுச் சட்ட வழி வந்தது. எதிராளியின் கவனயீனத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அந்தக் கவனயீனமே இழப்பை விளைவித்தது என்றும் நிறுவ வேண்டும். குழந்தை வைத்தியரான பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான மருத்துவக் கவனயீன வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை வரி வரியாகப் படியுங்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்ற வழக்கு, காரணத் தொடர்பு நிரூபிக்கப்படாததால் அங்கே விழுந்தது.

இன்னும் கடினமானது வருமானத்தை நிரூபிப்பது. நம் பக்கத்தில் அடிபடுகிறவர்களில் பலரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கரைவலை இழுப்பவர், வயல் கூலி, கல் உடைப்பவர். என் தொடக்க காலத்தில், வலது கை முறிந்த ஒரு மீனவருக்காக நின்றேன். அவருடைய நாள் வருமானத்தை முந்நூற்றறுபத்தைந்தால் பெருக்கிக் கேட்டிருந்தேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வாடைக்காற்றுக் காலத்தில் எத்தனை நாள் கடலுக்குப் போவீர்கள்?" அவர் நேர்மையாக, "போக மாட்டோம்" என்றார். தொகை வெகுவாகக் குறைந்தது. பிழை என்னுடையது. அந்த மீனவரின் முகத்தை இன்றும் மறக்கவில்லை. அதன்பிறகு படகும் வலையும் வைத்திருக்கும் சம்மாட்டியின் கணக்குக் கொப்பி, சங்கப் பற்றுச்சீட்டு, கடையின் கடன் கணக்கு எல்லாவற்றையும் தேடிப் போய்ப் பார்த்த பிறகே வழக்குத் தாக்கல் செய்கிறேன்.

பெண் என்பதால் உங்களிடம் முதலில் விவாகரத்தும் தாபரிப்பும்தான் வரும். எனக்கும் அப்படித்தான். மனம் சுளிக்காதீர்கள். வருமானமே இல்லை என்று சாதிக்கும் கணவனின் வருமானத்தை வெளிக்கொண்டுவருவதும் இதே வித்தைதான். ஆனால் அங்கேயே உங்களை நிறுத்திவிட விடாதீர்கள். பயிலுநர் காலத்தை, விசாரணைக்கு நாள்தோறும் நிற்கும் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் கழியுங்கள். எழுவினாக்களை, அதாவது வழக்கில் நீதிபதி தீர்க்க வேண்டிய கேள்விகளை, அவர் வரையும்போது பக்கத்தில் இருங்கள்.

மூன்று மொழிகளும் வேண்டும். நமது நீதிமன்றத்தில் தமிழில் வழக்குப் பேசலாம். ஆனால் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், கந்தளாய்ப் பக்கம் நடந்த விபத்தென்றால் பொலிஸ் பதிவு சிங்களத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் தவறவிடும் ஒரு சொல்லில் வழக்கே சாயலாம். எலும்பு முறிவின் வகைகளையும் நரம்புச் சேதத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். வைத்தியரைக் கேள்வி கேட்பவருக்கு அந்த அறிவு இல்லாவிட்டால் சாட்சிக்கூண்டில் நிற்பவர்தான் நீதிமன்றத்தை நடத்துவார்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று குடும்பங்கள் நம்பிவிடுகின்றன. அந்தப் பணம் அரசுக்குப் போகிறது. நட்டஈட்டுக்குத் தனி வழக்கு வேண்டும், அதற்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தருவது இரண்டே ஆண்டுகள். காயம் ஆறட்டும் என்று காத்திருந்து உரிமையை இழந்தவர்களை என் மேசைக்கு எதிரே பலமுறை கண்டிருக்கிறேன். வசதியில்லாதவர்களைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்கு அனுப்புங்கள். வேலைத்தலத்தில் அடிபட்டவர் வந்தால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொருந்துமா என்றும் பாருங்கள்.

உங்கள் முதல் கோப்பைத் திறக்கும் அன்று, கட்சிக்காரரின் பெயருக்கும் முன்னால், விபத்து நடந்த திகதியை மேலட்டையில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.