வரியை ஏற்றச் சொல்லி மக்களே வாக்களிப்பார்களா?

அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் மைதானம், நூலகம் போன்ற நகரத் திட்டங்களுக்காக வசூலாகும் ‘மேப்ஸ்’ விற்பனை வரி பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: வரி உயர்வை மக்கள் ஆதரித்தார்கள் என்பதை நம்ப முடியவில்லையே?

முதல் முறை மயிரிழையில்தான் தப்பியது. 1993 டிசம்பர் வாக்கெடுப்பில் ஆதரவு ஏறத்தாழ 54 சதவீதம். கேட்டது ஒரு சதவீதக் கூடுதல் வரி, அதுவும் ஐந்தாண்டுக்கு மட்டும். பேஸ்பால் மைதானம், கால்வாய், நூலகம் என்று எதற்கு என்பதையும் முன்பே பட்டியல் போட்டுச் சொன்னார்கள். வேலை இழுத்தடித்தபோது முணுமுணுப்பு கிளம்பத்தான் செய்தது. 1998இல் மைதானம் திறந்த பிறகு பேச்சு மாறியது. 2019இல் நான்காம் சுற்றான ‘மேப்ஸ் 4’க்குக் கிடைத்த ஆதரவு ஏறக்குறைய 72 சதவீதம்.

ஒன்றை மறக்கக் கூடாது. 2019இல் கேட்டது இருக்கிற வீதத்தை நீட்டிக்கத்தான். புதிதாக ஏற்றுவதாக இருந்தால் இவ்வளவு பேர் கை தூக்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கடன் வாங்கிக் கட்டலாமே?

கட்டலாம். ஆனால் வரி வர வரச் செலவழிப்பதே இத்திட்டத்தின் அடிப்படை. வட்டிச் சுமை கிடையாது.

கேள்வி: ஏழைகள் தலையில்தானே விடிகிறது?

ஆமாம். எனக்குப் பெரிய மனக்குறை இதுதான். மாநில வரி 4.5, நகர வரி 4.125, ஆக 8.625 சதவீதம். முன்பெல்லாம் 30 டாலர் அரிசி மூட்டைக்குப் பில்லில் சுமார் 2 டாலர் 59 சென்ட் வரி ஏறும். 2024 ஆகஸ்ட் கடைசியில் மாநிலம் மளிகைப் பொருள்களுக்குத் தன் வரியை விலக்கிக்கொண்டது. நகரத்தின் பங்கு இன்றும் உண்டு, அதே மூட்டைக்கு சுமார் 1 டாலர் 24 சென்ட். சம்பளத்தில் பாதி மளிகைக்கே போகிற வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை. ‘மேப்ஸ் 4’இல் மனநல மையங்களுக்கும் வீடற்றவர்களுக்கும் பணம் ஒதுக்கியிருப்பது ஓரளவு நியாயம். மளிகைக்கு நகரமும் விலக்கு தர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஓக்லஹோமாவில் நகரங்களின் அன்றாடச் செலவுக்குச் சொத்து வரி கிடைப்பதில்லை, விற்பனை வரியை நம்பித்தான் போலீஸும் தீயணைப்பும் ஓடுகின்றன. விலக்கு கேட்பவர்கள் மாற்று வருவாயையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: கிரீன் கார்டில் இருக்கிறோம். எங்களுக்கு வாக்கு உண்டா?

இல்லை, குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே. வரி மட்டும் எல்லோருக்கும் பொது. நகர மன்றக் கூட்டங்களில் நீங்களும் பேசலாம். திட்டப் பட்டியல் முடிவாகும் முன்பே போய்ப் பேசுங்கள்.