கேளுங்கள், சொல்கிறேன்: சென்னையில் சோயா பர்கர், சம்பா அறுத்த வயலில் உளுந்து

போன இதழில் உளுந்து விலையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, விலையை விட்டுவிட்டுப் புரதத்தைப் பிடித்துக்கொண்டன. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: என் அறைத் தோழர்கள் 'செடி இறைச்சி' என்று ஒன்றை வாங்கிச் சமைக்கிறார்கள். கறி மாதிரியே இருக்கிறது. 2050இல் எல்லோரும் இதைத்தான் தின்றாக வேண்டும் என்கிறார்கள். நிஜமா அக்கா?
(கும்பகோணத்துக்காரர், இப்போது வேளச்சேரி)

தின்றாக வேண்டும் என்று யாரும் கட்டளை போடப் போவதில்லை தம்பி, ஆனால் அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது, 2050இல் சுமார் 970 கோடி என்பது ஐ.நா. கணிப்பு. அத்தனை பேரும் அமெரிக்காக்காரர் அளவுக்கு மாட்டிறைச்சி கேட்டால் நிலத்துக்கு எங்கே போவது? மக்காச்சோளத்தையும் சோயாவையும் விளைவித்து மிருகத்துக்குப் போடுகிறோம், அது நடக்க, மூச்சுவிட, உடம்புச் சூட்டைக் காக்க என்று பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கறியாகத் தருகிறது. பிராய்லர் கோழி இதில் சிக்கனம், ஒரு கிலோ எடை ஏற இரண்டு கிலோவுக்குள் தீவனம் போதும். மாட்டுக்கு அதைப்போல் சில மடங்கு, போதாததற்கு அசைபோடும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வேறு. மனிதர்களால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருவது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்குச் சொன்னது. (தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வரும், டெல்டாக்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.)

நீங்கள் சாப்பிட்டது அநேகமாக சோயாவிலோ பட்டாணியிலோ இருந்து புரதத்தைத் தனியாகப் பிரித்து, சூடும் அழுத்தமும் கொடுத்து, நார் நாராக வரும்படி இயந்திரத்தில் பிழிந்தது. கல்யாண வீட்டுக் குருமாவில் மிதக்கும் மீல்மேக்கரும் அந்த ஜாதிதான், எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. இம்பாசிபிள் என்ற அமெரிக்க கம்பெனி ஒரு படி மேலே போனது. சோயாவின் வேர் முடிச்சில், நம் ரத்தத்தில் இருக்கிற மாதிரியே ஒரு சிவப்புப் புரதம் இருக்கிறது. அதை ஈஸ்டில் வளர்த்து எடுத்துக் கலக்கிறார்கள், கறி வாசனை வருவது அதனால்தான். அந்த வேர் முடிச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

என்னைக் கேட்டால், நம் ஊருக்கு இது அவசரமில்லை. இங்கே பெரும்பாலான வீடுகளில் கறி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம், அதையும் பிடுங்கிவிட்டு பர்கர் வைப்பதால் பூமிக்குப் பெரிய லாபம் ஒன்றுமில்லை. தட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சோற்றைக் கொஞ்சம் நகர்த்தி, பருப்புக்கு இடம்விட வேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி: என் மகனுக்கு 18 வயது, ஜிம்முக்குப் போகிறான். புரதப் பவுடர் டப்பா வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விலையைக் கேட்டால் எங்கள் ஒரு மாத மளிகை. நாங்கள் சைவம். வீட்டுச் சாப்பாட்டில் வராதா?
(மயிலாடுதுறை வாசகி)

வரும். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் சொன்ன அளவு. பையன் 60 கிலோ என்றால் 50 கிராம், எடை தூக்குகிறவன் என்பதால் 70, 80 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம். உளுந்து, துவரை, பயறு எதை எடுத்தாலும் 22லிருந்து 24க்குள், வேர்க்கடலையில் 25 வாக்கில். மீல்மேக்கரில் 50க்கு மேல், ஆனால் அது காய்ந்த உருண்டைக் கணக்கு. ஊறினால் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும், கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

புரதம் கட்டுகிற செங்கல்கள்தான் அமினோ அமிலங்கள். அவற்றில் லைசின் என்பது அரிசிப் புரதத்தில் குறைவு, பருப்பில் அது நிறைய. மெத்தியோனின் என்ற இன்னொன்று பருப்பில் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று இட்லிக்குப் போடுகிறோமே, அது அமினோ அமிலம் பார்த்துப் போட்டது என்று நான் கதை விட மாட்டேன். மாவு பொங்க வேண்டும், இட்லி பூவாக வர வேண்டும் என்று போட்டது, உடம்புக்கும் நல்லதாக அமைந்துவிட்டது. சிக்கல் சாம்பாரில்தான். நாலு பேருக்கு ஒரு பிடி துவரம்பருப்பு, மீதியெல்லாம் புளித்தண்ணீர். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பருப்பை இரட்டிப்பாக்குங்கள், வாரத்தில் ரெண்டு நாள் பயத்தம்பருப்பைக் கெட்டியாகக் கடைந்து வையுங்கள், சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டலோ வேர்க்கடலையோ கொடுங்கள். பால், தயிரை நிறுத்த வேண்டாம், வைட்டமின் பி12 செடிகொடியில் கிடைக்காது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் பி12 இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்பு எடுத்துக்கொள்ளாத போலி.

கேள்வி: அம்மா, புரதம் புரதம் என்று எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் சம்பா நெல்லுக்குப் பின்னால் உளுந்து, பயறு தெளிப்பதே குறைந்துவருகிறது. அறுக்கிற மெஷின் மிதித்துவிடுகிறது, தப்பியதை மாடு மேய்ந்துவிடுகிறது. போர்வெல் வைத்திருக்கிறவன் பருத்தி போடுகிறான். எதற்கு வம்பு என்று நானும் இந்த வருஷம் விட்டுவிடலாமா?
(நீடாமங்கலம் பக்கத்து விவசாயி)

விடாதீர்கள் ஐயா. மற்ற ஊர் வாசகர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நெல் அறுக்க ஏழு, பத்து நாள் இருக்கும்போது, தண்ணீரை வடித்து மண் மெழுகுப் பதத்துக்கு வந்ததும், நிற்கிற கதிருக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம், மேலே தை மாசிப் பனி, அதை வைத்தே எழுபது நாள் சுற்றில் நெற்று முற்றிவிடும். வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அமெரிக்காக்காரன் ஈஸ்டில் வளர்க்கிற சிவப்புப் புரதம், சோயா வேரில் இதே பாக்டீரியாவுக்குத் துணையாக இருப்பதுதான். பயற்றுச் செடியைப் பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே ரோஸ் நிறம் தெரியும். மேட்டூரிலிருந்து தனியாக ஒரு சொட்டுக் கேட்காமல், மூட்டை மூட்டையாக யூரியா கேட்காமல் விளைகிற புரதம் இது. உலகம் முழுக்க கோடிகளைக் கொட்டி ஆலைக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நாம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம்.

இன்னொன்று. பருப்பை உலகிலேயே அதிகம் விளைவிக்கிற நாடு இந்தியா, அதிகம் தின்கிற நாடும் நாம்தான், அப்படியும் போதாமல் அதிகம் இறக்குமதி செய்கிறோம். இறக்குமதி உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வருகிறது. உளுந்து விளையும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வந்த உளுந்தை ஊறப்போட்டு தோசை சுடுகிறோம்.

இனி உங்கள் சங்கடத்துக்கு வருவோம். டயர் வண்டி ஈர வயலில் இறங்கினால் பள்ளம் பள்ளமாக மிதித்துப் பயிரைப் புதைத்துவிடும், பெல்ட் வண்டியில் சேதம் குறைவு, வாடகை கூடுதலானாலும் அதையே சொல்லி வையுங்கள். வைக்கோல் கட்டுகிற டிராக்டர் இரண்டாவது முறை மிதிப்பதை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை. அறுத்த மறுநாளே அந்த வேலையை முடித்துவிட்டால் செடி நிமிர்ந்துவிடும், முளை நாலு இலை விட்ட பிறகு மிதித்தால் மீளாது. மாடு விஷயம் ஒருத்தர் தீர்க்கக் கூடியதல்ல. ஒருத்தர் மட்டும் தெளித்தால் ஊர் மாடு முழுக்க அவர் வயலில்தான் நிற்கும், எல்லோரும் தெளித்தால் எல்லோரும் கட்டி மேய்ப்பார்கள். பொங்கலுக்கு முன்னால் ஊரில் பேசி முடித்துவிடுங்கள், அறுப்பு தொடங்கிய பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நாலு கிலோ விதை, அதாவது ஏக்கருக்கு 12. நெல் அறுத்த தரிசுக்கு ஆடுதுறை 3 உளுந்து நம் பக்கம் பழகிய ரகம், வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த ரகங்களும் இருக்கின்றன. எதை வாங்கினாலும் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்துவிட்டுத் தெளியுங்கள், 75க்குக் கீழே முளைத்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் நான் சோம்பேறித்தனமாக அப்படியே தெளித்துவிட்டு, பாதி வயலைச் சொட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பனி சரியில்லை என்றார். பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை டி.ஏ.பி. உரக் கரைசல்: ஏக்கருக்கு நாலு கிலோவை முதல்நாள் ராத்திரி ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி அடியுங்கள். மஞ்சள் தேமல் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள், வெள்ளை ஈ அதைப் பரப்பிவிடும். அப்புறம், அறுப்பு மாசிக்குத் தள்ளிப்போன வருஷத்தில் மட்டும் ரொம்ப ஆசைப்படாதீர்கள். பூவெடுக்கும்போது பங்குனி வெயில் வந்து பிடித்துக்கொள்ளும். பருத்திக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் தண்ணீர் இருக்கிறது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் காளான் போடலாம் என்கிறார்கள். கறிக்குச் சமமான புரதம் என்பது உண்மையா?
(பாபநாசம்)

உண்மையில்லை. நூறு கிராம் பச்சைக் காளானில் மூன்று கிராம் சுற்றித்தான் புரதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். காயவைத்துக் கணக்குப் போட்டுப் பெரிய எண்ணாகச் சொல்வார்கள், காயவைத்தா குழம்பு வைக்கிறோம்? ஆனாலும் போடுங்கள். உங்கள் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, அதில் வளர்கிற பண்டம், காசும் கிடைக்கும். கோடையில் சிப்பிக் காளான் வாடும், அதற்கு பால் காளான் தாங்கும். பருப்புக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கேள்வி: இனிமேல் பூச்சியையும் புழுவையும் தின்னச் சொல்வார்களாமே? உவ்வே!
(திருவாரூர்)

உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். மழை விட்ட ராத்திரியில் விளக்கடியில் தண்ணீர்ச் சட்டி வைத்து ஈசல் பிடித்து, இறக்கை போகப் புடைத்து, அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்த்து வறுத்துத் தின்ற ஊர்கள் இங்கேயே உண்டு. உலகத்தில் சுமார் 200 கோடிப் பேர் பூச்சி தின்கிறார்கள் என்று 2013இல் ஐ.நா. அறிக்கையே வந்தது. இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஜாக்கிரதை. மற்றபடி யாரும் வாயில் திணிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கும் கறி சைவமா அசைவமா?
(தஞ்சாவூர்)

மிருகத்தின் செல்லை எடுத்து வளர்ப்பதால் அசைவம் என்பேன். 2013இல் மார்க் போஸ்ட் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி லண்டனில் இப்படி ஒரு பர்கரைச் சமைத்துக் காட்டினார், அந்த ஒன்றுக்கு ஆன செலவு சுமார் 2,50,000 யூரோ. விற்க முதலில் அனுமதித்தது சிங்கப்பூர், 2020இல். என் அத்தையிடம் உங்கள் கேள்வியைக் கேட்டேன். "முட்டைக்கே இன்னும் முடிவு சொல்லலை, அதுக்குள்ள இதா?" என்றார்.

கேள்வி: பால் ஒத்துக்கொள்ளவில்லை. டிகிரி காபியை சோயா பாலில் போட்டால் திரிந்துபோகிறது. என்ன செய்வது?
(கும்பகோணம்)

முதலில் ஒரு திருத்தம்: கடை அட்டையில் அதைப் 'பால்' என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் சொல்லிவிட்டது, சோயா பானம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். வீட்டில் எப்படியும் சொல்லிக்கொள்ளுங்கள். டிகாஷனில் புளிப்பு உண்டு, அது கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது சோயா சேர்ந்தால் திரியும். டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, சோயாவைக் கொதிக்கவிடாமல் சூடு மட்டும் பண்ணி, டிகாஷனை அதில் மெதுவாக ஊற்றுங்கள். டபராவில் ஆற்றினால் நுரையும் வரும். வாசனைக்கு மட்டும் என்னிடம் வழியில்லை.