வீடியோ தரநிலைக் கூட்டத்தில் முன்வைத்தால் காப்புரிமை போய்விடுமா?

கேள்வி: கண்காணிப்பு கேமராக்களுக்கு வீடியோ சுருக்க மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் எங்களுடையது. இன்ட்ரா பிரெடிக்‌ஷனில் (ஒரு படச்சட்டத்தின் ஒரு பகுதியை அதே சட்டத்தின் பக்கத்துப் பகுதிகளிலிருந்து கணிப்பதில்) ஒரு புதிய உத்தி கைகூடியிருக்கிறது. எச்.266 என்ற வீடியோ சுருக்கத் தரநிலைக்கு அடுத்து வரவிருக்கும் தரநிலைக்காக, அவற்றை எழுதும் சர்வதேசக் கூட்டுக் குழுவான ஜேவெட்டின் கூட்டத்தில் அதை முன்வைக்க விரும்புகிறோம். அங்கே எப்படிப் பங்கேற்பது? ஆவணத்தைக் கொடுத்த பிறகு காப்புரிமை எங்களிடம் இருக்குமா? “காப்புரிமை பற்றி அங்கே வாயே திறக்காதீர்கள், தரநிலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒருவர் ஆலோசனை சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? நாளைக்கு எங்கள் நிறுவனத்தையே வேறொருவர் வாங்கினால், அங்கே கொடுத்த வாக்கு என்ன ஆகும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் தவறினால் திருத்திக்கொள்ள வழியே இல்லை. அந்த ஆலோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கூட்டத்தில் பேசாமல் இருந்துவிட்டு, தரநிலை வெளியானதும் காப்புரிமையை எடுத்து நீட்டுவது எங்கே போய் முடியும் என்பதற்கு இதே துறையில் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது.

எச்.264 தரநிலையை உருவாக்கியது, 2001 டிசம்பரில் அமைந்த ஜேவிடி என்ற கூட்டுக் குழு. 2003 மே மாதம் தரநிலை ஒப்புதல் பெற்றது. 2005-ல் குவால்காம் நிறுவனம், எச்.264 சிப்புகள் செய்துவந்த பிராட்காம் மீது இரண்டு காப்புரிமைகளை வைத்து அமெரிக்காவின் சான் டியேகோவில் வழக்குத் தொடுத்தது. தரநிலை எழுதப்பட்ட காலத்தில் ஜேவிடியில் தாங்கள் பங்கேற்கவே இல்லை என்று குவால்காம் வாதாடியது. 2007 ஜனவரியில் விசாரணை முடியும் தறுவாயில், குறுக்கு விசாரணையில் அவர்கள் தரப்புச் சாட்சி ஒருவரிடமிருந்தே விஷயம் வெளியே வந்தது: தரநிலைப் பணிக்கான மின்னஞ்சல் குழுவிலிருந்து வந்த 21 மின்னஞ்சல்கள் அவரிடம் இருந்தன. விசாரணை முடிந்த பிறகு மேலும் தோண்டியதில் 46,000-க்கும் அதிகமான ஆவணங்கள் கிடைத்தன. பிராட்காமின் வழக்குச் செலவுக்காக 85 லட்சம் டாலருக்கு மேல் கட்டும்படி குவால்காமுக்கு உத்தரவானது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு 2008 டிசம்பரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பில் இருக்கிறது. தரநிலையைச் செயல்படுத்த ஒரு காப்புரிமை தேவைப்படக்கூடும் என்று நியாயமாகத் தோன்றினால், குழுவில் பங்கேற்றவர் அதை வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தொழில்நுட்ப ஆவணம் எதையும் சமர்ப்பிக்காமல் சும்மா பங்கேற்றவருக்கும் இந்தக் கடமை உண்டு. விளைவு, எச்.264-க்கு இணங்கும் எந்தப் பொருளுக்கு எதிராகவும் அந்த இரண்டு காப்புரிமைகளைச் செயல்படுத்த முடியாமல் போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி. ஒரே ஒரு காப்புரிமையை நம்பி நிற்கும் சிறு நிறுவனம் இந்த வழியில் போகலாமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தரநிலை அமைப்புகளின் காப்புரிமைக் கொள்கை நம்மிடம் கேட்பது உண்மையில் அவ்வளவு பயமுறுத்தும் விஷயமில்லை. ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்), ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு), ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) ஆகிய அமைப்புகள் 2007 முதல் ஒரே பொதுக் காப்புரிமைக் கொள்கையைப் பின்பற்றுகின்றன. ஜேவெட் என்பது ஐடியுவின் வீடியோ நிபுணர் குழுவும், எம்பெக் என்று நாம் அறிந்த ஐஎஸ்ஓ/ஐஇசி தரப்பும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குழு என்பதால் அங்கேயும் அதுவே சட்டம். உங்களுடையதோ மற்றவருடையதோ, தரநிலைக்குத் தேவைப்படக்கூடிய காப்புரிமை இருப்பது தெரிந்தால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். விண்ணப்ப நிலையில் இருப்பவையும் இதில் சேர்த்தி. உலகத்துக் காப்புரிமைகளை எல்லாம் தேடிப் பார்க்கும் வேலையை யாரும் உங்கள் தலையில் கட்டவில்லை. நல்லெண்ணத்தோடு, தெரிந்ததை மறைக்காமல் இருந்தால் போதும். கூட்டத்தில் தலைவர் இதை வாய்விட்டே கேட்பார். அதை வெறும் சடங்கு என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

வெளிப்படுத்துவதில் இரண்டு படிகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஒன்று, நீங்கள் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு ஆவணத்தின் கடைசியிலும் வரும் சிறு அறிக்கை. இதில் விவரிக்கப்பட்ட தொழில்நுட்பத்தில் எங்களுக்குக் காப்புரிமையோ விண்ணப்பமோ இருக்கலாம், எதிர்த்தரப்பும் அதேபோல் நடந்துகொள்ளும் பட்சத்தில் நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் உரிமம் தரத் தயார் என்பது அதன் உள்ளடக்கம். மற்றது, மூன்று அமைப்புகளுக்கும் பொதுவான முறையான அறிவிப்புப் படிவம். ஆவணத்தில் எழுதிய வரி இந்தப் படிவத்துக்கு மாற்றாகாது. உங்கள் உத்தி தரநிலை வரைவில் இடம் பிடித்துவிட்டால் படிவத்தைத் தனியாக அனுப்ப வேண்டும்.

படிவத்தில் டிக் செய்ய மூன்று கட்டங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது, ராயல்டி இல்லாமல் உரிமம். இலவசம் என்றால் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக அர்த்தமில்லை. உரிம ஒப்பந்தம் கேட்கலாம், பயன்பாட்டுக் களம், பரஸ்பர உரிமம் போன்ற நியாயமான நிபந்தனைகள் வைக்கலாம், பணம் மட்டும் கேட்கக்கூடாது. இரண்டாவது, நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் உரிமம், ராயல்டி வாங்கலாம். மூன்றாவது, இந்த இரண்டுக்கும் சம்மதமில்லை என்பது. மூன்றாவதைக் குறித்தால் உங்கள் காப்புரிமையைச் சார்ந்த எதுவும் தரநிலையில் இருக்கக்கூடாது, எடுத்துவிடுவார்கள். ஒருமுறை குறித்துக் கொடுத்ததை உரிமம் பெறுபவருக்கு இன்னும் சாதகமாக மட்டுமே மாற்ற முடியும். இரண்டில் இருந்து ஒன்றுக்கு வரலாம், ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போக முடியாது. எனவே இயக்குநர் குழுவில் பேசி முடிவெடுக்காமல் பொறியாளர் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டாம்.

பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவது கட்டத்தைத்தான் குறிக்கின்றன. நீங்களும் அதையே எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கையில் என்ன வரும் என்பதில் தெளிவாக இருங்கள். கொள்கை எந்த விலையையும் நிர்ணயிப்பதில்லை, அமைப்புகள் பேச்சுவார்த்தையில் தலையிடுவதும் இல்லை, எல்லாம் வெளியே சம்பந்தப்பட்ட இரு தரப்புக்கும் இடையில்தான். அந்தப் பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட், மோட்டோரோலா வழக்கைப் பாருங்கள். எச்.264 காப்புரிமைகளுக்காகப் பொருளின் விலையில் 2.25 சதவீதம் கேட்டது மோட்டோரோலா. 2013-ல் சியாட்டில் நீதிமன்றம் ஐடியுவிடம் கொடுத்த வாக்கையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு, ஒரு பொருளுக்கு 0.555 சென்ட் போதும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சென்ட்டில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்! தரநிலையில் நுழைந்துவிட்டாலே கொட்டும் என்று முதலீட்டாளரிடம் கணக்குக் காட்டுவதற்கு முன் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

ராயல்டி பிரச்சினை இந்தத் துறையின் போக்கையே மாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எச்.264-ன் அடிப்படை புரொஃபைலையாவது (தரநிலையின் எளிய உட்தொகுப்பு) ராயல்டி இல்லாமல் கொண்டுவர முயன்றார்கள், முடியவில்லை. எச்.265-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட காப்புரிமைக் கூட்டணிகள் (பலருடைய காப்புரிமைகளைச் சேர்த்து உரிமம் தருபவை) தனித்தனியாக விலை சொன்னதில் வாடிக்கையாளர்கள் மிரண்டுபோனார்கள். 2015-ல் அலையன்ஸ் ஃபார் ஓப்பன் மீடியா பிறந்து, 2018-ல் ராயல்டி இல்லாத ஏவி1 வடிவம் வந்ததற்கு இந்த வெறுப்பு ஒரு முக்கியக் காரணம். எம்பெக் தரப்பே 2020-ல் இவிசி என்றொரு தரநிலையைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை புரொஃபைல் 20 ஆண்டுகளுக்கு மேல் பழைய நுட்பங்களையும் ராயல்டி வேண்டாம் என்று கொடுக்கப்பட்டவற்றையும் வைத்துக் கட்டப்பட்டது. மேல் புரொஃபைலில் இருக்கும் கூடுதல் உத்திகளைத் தனித்தனியாக அணைத்துவிடலாம். யாருடைய காப்புரிமை தொல்லை தருகிறதோ அதை மட்டும் கழற்றிவிடலாம் என்பதுதான் அந்த வடிவமைப்பு. உங்கள் உத்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் ராயல்டியை எண்ணித் தயங்குவார்கள் என்பது என் கணிப்பு. எனவே படிவத்தில் ராயல்டி இல்லாத முதல் கட்டத்தையும் ஒரு வியாபார வழியாகவே எடைபோடுங்கள்.

ஆனால் இதையெல்லாம் கூட்ட அறையில் பேசவே பேசாதீர்கள். எந்தக் காப்புரிமை செல்லும், எது அத்தியாவசியம், உரிமத்துக்கு எவ்வளவு என்பவை அங்கே எடுக்கவே கூடாத பேச்சு. காப்புரிமை இருக்கிறது என்று அறிவிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, காப்புரிமை உங்களிடம் நிலைக்குமா என்ற கேள்வி. ஆவணம் கொடுப்பதால் யாரும் அதைப் பறிக்கப்போவதில்லை. நீங்களாகவே இழக்க வாய்ப்புண்டு, அதுவும் தேதியில். ஜேவெட் ஆவணங்கள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவெளியில் இருப்பவை. பதிவேற்றியவுடன் உங்கள் கண்டுபிடிப்பு ஊரறிந்த விஷயமாகிவிடும். அமெரிக்காவில் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் அதை நம்பவே முடியாது. அதனால் விண்ணப்பம் முதலில், ஆவணம் பிறகு. ஒரு நாள் முந்தியிருந்தாலும் சரி, வரிசை மாறக்கூடாது.

நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, இங்கே வசிப்பவர் முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகுதான் வெளிநாட்டில் விண்ணப்பிக்கலாம். அவசரத்தில் நேரே அமெரிக்காவில் போட்டுவிட்டு இந்திய உரிமையைக் கோட்டை விட்டவர்கள் ஆகிவிடாதீர்கள். முழு விவரக் குறிப்பு தயாராகவில்லை என்றால் இங்கே தற்காலிக விண்ணப்பம் போடுங்கள், முழுமையாக்க 12 மாதம் கிடைக்கும். ஆனால் கூட்டத்தில் காட்டப்போகும் எல்லாமே அந்தத் தற்காலிக விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். கூடவே 3(கே) பிரிவு: அல்காரிதமும் வெறும் கணினி நிரலும் இங்கே காப்புரிமை பெறாது. வீடியோ சுருக்கத்தில் கிடைக்கும் தொழில்நுட்ப விளைவு தெரியும்படி கோரிக்கைகளை எழுத, இந்தத் துறையில் பழக்கமுள்ள வழக்கறிஞர் தேவை.

பங்கேற்கும் வழி இரண்டு. ஒன்று ஐஎஸ்ஓ/ஐஇசி பக்கம்: இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் மூலம் நிபுணராக நியமனம் பெறுவது. மற்றது ஐடியு பக்கம்: உறுப்பினர் அல்லது இணை உறுப்பினர் நிறுவனமாகச் சேர்வது. கல்லூரிகளுக்குத் தனியாகக் குறைந்த கட்டண உறுப்பினர் நிலை இருக்கிறது. உங்களுக்குப் பிஐஎஸ் வழியே எளிது என்பேன், ஆனால் நியமனத்துக்கு நேரம் பிடிக்கும், கூட்டத்துக்கு முந்தைய வாரம் போய் நிற்க முடியாது. இன்னொரு விஷயம், ஐடியு பக்கம் வீடியோ தரநிலை வேலையைச் செய்வது 16-வது ஆய்வுக் குழு என்று பழைய குறிப்புகளில் பார்ப்பீர்கள். 2024 அக்டோபரில் புது டெல்லியில் நடந்த ஐடியு தரநிலை மாநாட்டின் முடிவுப்படி, அந்த வேலை இப்போது 21-வது ஆய்வுக் குழுவில் இருக்கிறது.

கூட்டங்கள் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆவணம் சேர வேண்டிய கெடு பொதுவாகக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு. தாமதமானவை ‘தாமதம்’ என்று பதிவாகும், அவற்றை எடுக்கக் கூட்டத்தின் இசைவு வேண்டும், வரிசையில் பின்னால் போகும். கெடுவுக்குள் ஏதோ ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டுவிட்டு அப்புறம் நிரப்பும் தந்திரம் செல்லாது.

எடுபடுவது சோதனை முடிவுகள்தான். பொதுச் சோதனை நிபந்தனைகளில், இப்போதைய ஆய்வு மென்பொருளான இசிஎம் மீது உங்கள் உத்தியை ஏற்றி, பிடி-ரேட் (அதே தரத்துக்குத் தேவைப்படும் தரவின் அளவு) எவ்வளவு குறைகிறது, சுருக்கும் என்கோடர், விரிக்கும் டிகோடர் நேரம் எவ்வளவு கூடுகிறது என்று காட்ட வேண்டும். அரை சதவீதத்துக்கும் குறைவான லாபம்கூட அங்கே கவனமாக விவாதிக்கப்படும். டிகோடர் நேரத்தைத் தின்றால் ஒரு சதவீதமும் எடுபடாது. உங்கள் முடிவுகளை வேறொரு நிறுவனம் தனியாக ஓட்டிச் சரிபார்த்துத் தரவேண்டும். முதல்முறை வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான், எனவே கூட்டத்துக்கு முன்பே ஒரு சரிபார்ப்பாளரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே ஏற்க மாட்டார்கள், ஆய்வுப் பரிசோதனையில் சேர்த்து அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவார்கள். அது நல்ல செய்திதான். ஏற்றுக்கொள்ளப்பட்டால் மென்பொருளைக் கெடுவுக்குள் இணைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் முடிவு திரும்பிப் போகலாம்.

சோதனைக்குத் தரும் வீடியோ துண்டுகளில் பலவற்றுக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு, தரநிலைப் பணிக்கு மட்டுமே அனுமதி. அவற்றை உங்கள் விளம்பர டெமோவில் போட்டுவிடாதீர்கள்.

நிறுவனம் கைமாறினால் என்ன என்ற கடைசிக் கேள்விக்கு விடை சுலபம். வாக்கு காப்புரிமையோடு போகும். விற்பவர், அந்த அறிவிப்பு வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்று பரிமாற்ற ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், வாங்குபவர் பிறகு இன்னொருவருக்குக் கொடுத்தாலும் அதுவே. உங்கள் முதலீட்டாளர் இதைப் பின்னர் கேட்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. படிவத்தின் நகலைப் பங்குதாரர் ஒப்பந்தங்களோடு சேர்த்து வையுங்கள்.