கட்டுப்படியாகும், பாதுகாப்பான வீடு குடும்பத்தையும் ஊரையும் எப்படி வலுப்படுத்துகிறது?

கட்டுப்படியாகும் வீடு என்பது, வாடகையோ கடன் தவணையோ கட்டிய பிறகும் உணவுக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் மிஞ்சும் வீடாகும். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது பல நாடுகளில் வழங்கும் அளவுகோல். பாதுகாப்பு என்பது உறுதியான கூரை மட்டுமல்ல, திடீரென எவரும் வெளியேற்றிவிட முடியாத காணி உரிமையும்தான்.

நாளை எங்கே இருப்போம் என்று தெரிந்தவர்களாலேயே நீண்ட காலத்துக்குத் திட்டமிட முடியும் என்பதே இதன் அடிப்படை. நாற்றை ஒருமுறை பிடுங்கி நடலாம். மாதந்தோறும் பிடுங்கினால் வேர் பிடிக்காது.

திருகோணமலையில் இதை நாம் கண்ணாரக் கண்டோம். 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர், வயலையும் கடலையும் பிரிந்து, கிளிவெட்டி போன்ற இடங்களின் முகாம்களில் தகரக் கொட்டில்களுக்குள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைக் கழித்தார்கள். அது பெருந்துயரம். சொந்தக் காணிக்குத் திரும்பியவர் கிணற்றை இறைக்கிறார், வேலி அடைக்கிறார், காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் எடுக்கும் தென்னம்பிள்ளையை நம்பி வைக்கிறார். பிள்ளை ஒரே பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்கிறது. வேலிப் பொட்டால் கறிச்சட்டி கைமாறுகிறது. அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அயல் இருக்கிறது.

வீட்டுக்கு உதவி கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாவார்கள் என்று பலர் எண்ணுவது தவறு: போரில் வீடிழந்தவர்களுக்காக இலங்கையின் வடக்கு கிழக்கில் இந்திய அரசு நிதியளித்த வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய் கட்டங்கட்டமாகவே வழங்கப்பட்டது, பெரும்பாலான குடும்பங்கள் தாமே முன்னின்று வீட்டைக் கட்டின.